லட்சத்தில் ஒருவருக்கு வருவதைப் படித்து மற்றவர்களுக்கு என்ன லாபம்?

கேள்வி இதுதான்: லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோயைத் தோண்டித் துருவி ஆராய்வதால் மீதி 99,999 பேருக்கு என்ன லாபம்? வரலாற்றிலும் அதே கதைதான், ஏதோ ஒரு ஊரில் யாரோ நாலு பேருக்கு நடந்ததை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, அதிலிருந்து பொதுவாக எதையாவது சொல்ல முடியுமா? கேட்டவர் கொஞ்சம் எரிச்சலோடு கேட்டிருக்கிறார். நியாயமான எரிச்சல்தான். நான் டாக்டர் இல்லை, வரலாற்றுப் பேராசிரியரும் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் ரத்த வங்கியில் டெக்னீஷியனாக வேலை பார்த்தவன். அதனால் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், அங்கிருந்து வரலாற்றுக்குப் போக ஒரு குறுக்குப் பாதை இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடமோ நாலாவது வருடமோ. கர்ப்பப்பை கட்டிக்கு மறுநாள் ஆபரேஷன், ஹீமோகுளோபின் 6, இரண்டு பை ரத்தம் வேண்டும் என்று ஒரு அம்மாவின் மாதிரி வந்தது. ஓ பாசிட்டிவ். கையில் வைத்திருந்த இரண்டு லேப் ரிப்போர்ட்டிலும் ஓ பாசிட்டிவ் என்றுதான் இருந்தது. ஃபிரிட்ஜில் ஓ பாசிட்டிவ் பை ஏழு இருந்தன. முதல் பையை கிராஸ்மேட்ச் போட்டேன் (பையில் உள்ள அணுவை நோயாளியின் சீரத்தோடு, அதாவது ரத்தத்தில் அணுக்கள் போக மிஞ்சும் தெளிந்த நீரோடு, கலந்து பார்ப்பது), சேரவில்லை, திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக நின்றது. சரி, அந்தப் பையில் ஏதோ கோளாறு என்று அடுத்ததை எடுத்தேன். அதுவும் அப்படியே. ஏழையும் போட்டேன், ஏழும் திரிந்தன. சலைன் கெட்டுவிட்டது, டியூப் சரியாகக் கழுவவில்லை, என் கைராசி சரியில்லை என்று வரிசையாகச் சந்தேகப்பட்டு, புது சலைன் எடுத்துத் திரும்ப முதலிலிருந்து போட்டேன். அப்பவும் அதேதான். ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் சீனியருக்கு போன் போட்டபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஓ செல் போட்டு ரிவர்ஸ் பார்த்தியா?"

பார்க்கவில்லை. அந்த இரண்டு லேப்களும் பார்க்கவில்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ரத்த வகை பார்ப்பதற்கு இரண்டு வழி. ஒன்று, நோயாளியின் சிவப்பணுவை எடுத்து, ஆன்டி ஏ, ஆன்டி பி மருந்தோடு கலந்து எதில் திரிகிறது என்று பார்ப்பது, இது ஃபார்வர்ட். இன்னொன்று தலைகீழ்: நோயாளியின் சீரத்தை எடுத்து, ஏற்கெனவே வகை தெரிந்த ஏ, பி, ஓ அணுக்களோடு கலந்து பார்ப்பது, இது ரிவர்ஸ். ஓ அணுவை யாருடைய சீரத்தோடு கலந்தாலும் திரியக் கூடாது, ஏனென்றால் ஓ அணுவின் மேல் எதிர்ப்பதற்கு ஒன்றுமே இல்லை என்பதுதான் நாங்கள் படித்த பாடம். அந்த அம்மாவின் சீரத்தில் ஓ அணு திரிந்தது. டியூபைத் தட்டினாலும் பிரியாத அளவுக்குக் கெட்டியாகத் திரிந்தது.

அது பாம்பே குரூப். 1952ல் பம்பாயில் ஒய். எம். பெண்டே என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் முதன்முதலாகக் கண்டுபிடித்து லான்செட் இதழில் எழுதினார்கள். அவர்களிடம் வந்ததும் இதே சிக்கல்தான்: அடிபட்டு ரத்தம் தேவைப்பட்டவர்கள், பார்த்தால் ஓ வகை, ஆனால் எந்த ஓ ரத்தமும் சேரவில்லை. வேறு யாராக இருந்தாலும் எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று மாதிரியைக் கொட்டிவிட்டு வேறு வேலை பார்த்திருப்பார்கள். (நானும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தேன்.) அவர்கள் கொட்டவில்லை.

இதில் மீதி 99,999 பேருக்கு என்ன என்றால், பதில் நேரடியாகவே இருக்கிறது. ரொம்ப காலம் ஓ வகை என்றால் வெறுமை என்றுதான் நினைத்தார்கள். கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் 1901ல் ரத்த வகைகளைப் பிரித்து எழுதியபோது அதற்கு ஸி என்று பெயர் வைத்திருந்தார், பிறகுதான் அது ஓ ஆனது. ஏ உள்ளவருக்கு ஏ இருக்கிறது, பி உள்ளவருக்கு பி இருக்கிறது, ஓ உள்ளவருக்கு எதுவும் இல்லை. அவ்வளவுதான் கணக்கு. பம்பாய்க்காரர்களின் சீரம் ஓ அணுவைத் திரிக்கிறது என்றால், ஓ அணுவின் மேல் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும், அது இவர்களிடம் மட்டும் இல்லாமலும் இருக்க வேண்டும். அதன் பெயர் ஹெச்.

சுவரில் ஆணி அடித்துப் படம் மாட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஹெச் என்பது ஆணி. ஏ வகைக்காரருக்கு அந்த ஆணியில் ஒரு விதமான சர்க்கரை மாட்டியிருக்கிறது, பி வகைக்காரருக்கு வேறு விதமான சர்க்கரை. ஓ வகைக்காரருக்குப் படம் இல்லை, வெறும் ஆணி மட்டும். உலகத்தில் கிட்டத்தட்ட எல்லார் வீட்டுச் சுவரிலும் ஆணி இருந்ததால் ஆணியை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஆணியே இல்லாத ஒரு வீட்டை பம்பாயில் பார்த்தபோது, ஓஹோ, படம் தொங்குவதற்குக் காரணமே வேறொன்று என்பது பளிச்சென்று தெரிந்தது. ஏ, பி, ஓ மூன்றும் எப்படி உருவாகின்றன, எந்த என்சைம் எதற்கு மேல் எதை ஒட்டுகிறது என்ற முழுப் படமும் தெளிவானதில் இந்த ஆணியில்லா வீட்டுக்காரர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இதில் இன்னொரு விவகாரமும் ஒளிந்திருக்கிறது. ஆணி இல்லாதவரின் பெட்டியில் படம் இருக்கலாம். அதாவது மரபணுவில் அவர் ஏ வகையாகவோ பி வகையாகவோ இருப்பார், மாட்ட இடமில்லாததால் ரிப்போர்ட்டில் ஓ என்று வரும். அவருக்குப் பிறக்கும் பிள்ளைக்குத் துணைவர் வழியாக ஆணி கிடைத்துவிட்டால் பெட்டியில் கிடந்த படம் மாட்டப்பட்டுவிடும். அப்பா ஓ, அம்மா ஓ, பிள்ளை பி! பள்ளிக்கூடப் பாடத்தில் இது நடக்கவே நடக்காது என்று போட்டிருக்கிறது. அரைகுறையாகப் படித்தவர்கள் நிறைந்த வீட்டில் இந்த ஒரு ரிப்போர்ட் எத்தனை பெண்களின் நிம்மதியைக் கெடுத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அபூர்வ நேர்வுகளைப் பற்றிய அறிவு ஊருக்கு எதற்கு என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அந்த அம்மாவின் கதை முடியவில்லை, பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் 'அபூர்வம்' என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். பாம்பே குரூப் இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு, ஐரோப்பாவில் 10 லட்சத்தில் ஒருவருக்கு என்று புத்தகத்தில் இருக்கும். ஃபார்வர்ட் மட்டும் பார்க்கிற லேபில் அது சுழியத்தில் ஒருவருக்கு. ஆயுசுக்கும் பார்த்தாலும் ஒருத்தர்கூட அகப்பட மாட்டார், எல்லாரும் ஓ என்ற பெயரில் லைசென்ஸில் அச்சாகிப் பர்ஸில் உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே ஒன்று அபூர்வமாக இருக்கிறதா, நாம் பார்க்கிற விதத்தில் அது தெரியாமல் போகிறதா என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டும் வேறு வேறு. (சும்மா ஒரு தகவல்: சந்தேகம் வந்தால் உறுதிப்படுத்துவதற்கு ஒரு செடியின் விதைச் சாற்றைப் பயன்படுத்துவோம், ஹெச் உள்ள அணுவை அது திரிக்கும். ஊட்டிப் பக்கம் வெள்ளைக்காரன் கொண்டுவந்து நட்டு, இன்று புல்வெளிகளை அடைத்துக்கொண்டு நிற்கிறதே மஞ்சள் பூப்பூக்கும் அந்த முள்புதர், அதே செடிதான்.)

இப்போது அந்தக் குறுக்குப் பாதை. இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் என்று பிரெஞ்சுக்காரர்களின் தீவு ஒன்று இருக்கிறது. 1848ல் அங்கே அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று இந்தியாவிலிருந்து கூலிகளை ஒப்பந்தம் போட்டுக் கப்பலேற்றினார்கள். பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வராது, கோயிலும் தீமிதியும் மட்டும் மிச்சம். அந்தத் தீவில் ஹெச் இல்லாதவர்கள் அசாதாரணமாக அதிகம் இருப்பதைக் கவனித்து ஆராய்ந்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. அங்கே இருப்பது ஒரு வகை இல்லை, இரண்டு. இந்திய வம்சாவளியினரிடம் இருப்பது இந்தியாவில் காணப்படும் அதே மரபணுப் பிழை. சிலாவோஸ் போன்ற மலைப்பகுதிகளில் வாழும் ஏழை வெள்ளைக்காரர்களிடம் இருப்பது முற்றிலும் வேறு பிழை, ஹெச் முழுசாக இல்லாமல் போகவில்லை, ரொம்பக் குறைவாக இருக்கிறது, அவ்வளவுதான். கடலோரக் கரும்புத் தோட்டத்தில் ஒரு கூட்டம், மலையுச்சியில் தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்டு ஒதுங்கி வாழ்ந்த இன்னொரு கூட்டம். இரண்டு பேரின் வரலாறும் அவரவர் சிவப்பணுவின் மேல் எழுதியிருக்கிறது. கப்பல் பதிவேட்டில் பெயரைத் தப்புத் தப்பாக எழுதியிருப்பான், இதில் தப்பே அடையாளமாக இருக்கிறது.

இதைவிட நமக்குப் பக்கத்தில் ஒன்று. மயக்க மருந்து டாக்டர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது: ஸ்கோலின் என்ற தசை தளர்த்தும் ஊசி போட்டால் சில நிமிடங்களில் அதன் வேலை முடிந்து நோயாளி தானாக மூச்சுவிட ஆரம்பிப்பார், ஏனென்றால் ரத்தத்தில் உள்ள ஒரு என்சைம் அதைக் கரைத்துவிடும். அந்த என்சைம் இல்லாதவர்களுக்கு அது மணிக்கணக்கில் நிற்கும். வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். உலகம் முழுக்க இது மிகவும் அபூர்வம். ஆனால் ஆந்திரத்திலும் தமிழகத்திலும் வாழும் ஆரிய வைசியர் சமூகத்தில் இது அடிக்கடி வருகிறது என்று நம் ஊர் டாக்டர்கள் மரபணு ஆராய்ச்சியெல்லாம் வருவதற்கு முன்பே கவனித்து, ஆபரேஷனுக்கு முன்னால் சமூகத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் பழக்கம்கூட வைத்திருந்தார்கள். சிலருக்கு இது சாதி கேட்பதாகக் கோபம் வரும், ஆனால் அந்தக் கேள்வி பல உயிரைக் காப்பாற்றியிருக்கிறது.

இதில் வரலாறு எங்கே வருகிறது? 2009ல் ஐதராபாத்தின் லால்ஜி சிங், தங்கராஜ் ஆகியோரும் அமெரிக்காவின் டேவிட் ரைக் குழுவும் இந்திய மக்களின் மரபணுக்களை ஆராய்ந்து எழுதினார்கள். வைசியர் சமூகம் 2000 முதல் 3000 ஆண்டுகளுக்கு முன்பு எண்ணிக்கையில் மிகச் சிறிய கூட்டமாக இருந்திருக்கிறது, அதற்குப் பிறகு வெளியிலிருந்து பெண் எடுப்பதும் கொடுப்பதும் ஏறக்குறைய இல்லவே இல்லை என்று அந்தக் குழுவின் கணக்கு சொல்கிறது. அகமணமுறை இவ்வளவு இறுக்கமானது வெள்ளைக்காரன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தி எங்களைப் பெட்டி பெட்டியாக அடைத்த பிறகுதான் என்று ஒரு கட்சி உண்டு. அந்தக் கட்சியின் வாதத்தில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை, பெயரும் படிநிலையும் நிறைய மாறியிருக்கின்றன. ஆனால் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்ற ஒரு விஷயத்தில் மட்டும் ஆபரேஷன் தியேட்டரில் மூச்சு திரும்பாமல் படுத்திருந்தவரின் ரத்தம் வேறு சாட்சி சொல்கிறது. எந்த ராஜாவும் இதைக் கல்வெட்டில் பொறிக்கவில்லை.

சரி, லாபக் கணக்குக்கே வருவோம். உங்கள் வீட்டில் அப்பாவோ மாமாவோ ராத்திரி ஒரு கொலஸ்ட்ரால் மாத்திரை போடுகிறவராக இருப்பார். 1968ல் அமெரிக்காவில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டெயின் என்று இரண்டு இளம் டாக்டர்கள், ஆறு வயதும் எட்டு வயதுமான இரண்டு உடன்பிறந்த குழந்தைகளுக்கு இருதய நோய் முற்றியிருப்பதைப் பார்த்தார்கள். பிறவியிலேயே கொலஸ்ட்ரால் பல மடங்கு. 10 லட்சத்தில் ஒருவருக்கு வரும் கடுமையான வகை அது. அந்தக் குழந்தைகளின் உடம்பில் எது இல்லை என்று தேடிப்போய்த்தான், கெட்ட கொலஸ்ட்ராலை ரத்தத்திலிருந்து அணுக்குள் இழுத்துக்கொள்ளும் வாசல் ஒன்று, அதாவது ரிசெப்டர், இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 1985ல் நோபல் பரிசு. ஸ்டாட்டின் மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பதே அப்புறம்தான் முழுசாகப் புரிந்தது: ஈரல் தானாகத் தயாரிப்பதைக் குறைத்தால், அது பசியெடுத்து வாசல்களை அதிகமாகத் திறந்து ரத்தத்தில் இருப்பதை இழுத்துக்கொள்கிறது.

கதை அங்கே நிற்கவில்லை. 2003ல் பிரான்ஸில் கொலஸ்ட்ரால் எகிறும் இரண்டு மூன்று குடும்பங்களில் பிசிஎஸ்கே9 என்ற மரபணுவில் கோளாறு இருப்பது தெரிந்தது. டல்லாஸில் ஹெலன் ஹாப்ஸ், ஜொனாதன் கோஹன் இருவரும் தலைகீழாகக் கேட்டார்கள்: இதே மரபணு செயலிழந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு என்ன ஆகும்? தேடினார்கள். ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடம் ஒரு பிரதி கெட்டிருந்தது, அவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் 28 சதவீதம் குறைவு, மாரடைப்பு முதலான இருதய நோய் 88 சதவீதம் குறைவு என்று 2006ல் எழுதினார்கள். இரண்டு பிரதியும் இல்லாத ஒரு பெண்ணும் கிடைத்தார். அவருடைய கெட்ட கொலஸ்ட்ரால் அளவு 14. நம்மில் பலருக்கு 100ஐத் தாண்டுகிறது, டாக்டர் 70க்குக் கீழே கொண்டுவரப் பாடுபடுகிறார். அந்தப் பெண்ணோ திடமாக, குழந்தை குட்டியோடு, ஒரு குறையும் இல்லாமல் இருந்தார். இந்த மரபணுவின் வேலையை மருந்து போட்டு நிறுத்தினால் ஆபத்து வருமா என்ற பயத்துக்கு அந்த ஒரு பெண்ணே பெரிய பதில். 2015ல் ஊசி சந்தைக்கு வந்துவிட்டது. நோயாளியைத் தேடிப் போகிறோம் என்பதே நமக்குப் பழக்கம், இங்கே பலன் கிடைத்தது நோயே வராமல் சும்மா இருந்தவரிடமிருந்து. நோய் வராதவர் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார், ஆகவே கண்ணில் பட மாட்டார்.

கண்ணில் படாமை என்று சொன்னதும் இன்னொரு ரகம் ஞாபகம் வருகிறது, அபூர்வமே இல்லாதது, ஆனால் யாரும் திரும்பிப் பார்க்காதது. மேற்கு ஆப்பிரிக்காவில் அநேகமாக எல்லாருக்கும் சிவப்பணுவின் மேல் டஃபி என்ற புரதம் கிடையாது. 1976ல் லூயிஸ் மில்லர் குழு காட்டியது, வைவாக்ஸ் மலேரியா கிருமி உள்ளே நுழையப் பயன்படுத்தும் கதவே அதுதான், அதனால்தான் அவர்களை அது அண்டுவதில்லை என்று. (அப்புறம் 2010ல் மடகாஸ்கரில் டஃபி இல்லாதவர்களுக்கும் வைவாக்ஸ் வந்திருப்பதைப் பார்த்து அந்த விதிக்கும் ஒரு விலக்கு முளைத்தது, அது தனிக் கதை.) ஆனால் அதே டஃபி இல்லாதவர்களுக்கு ரத்தத்தில் நியூட்ரோபில் என்ற வெள்ளணுவின் எண்ணிக்கை இயல்பாகவே குறைவாக இருக்கும். அவர்கள் ஆரோக்கியமானவர்கள்தான். ரிப்போர்ட்டில் பக்கத்தில் அச்சடித்திருக்கும் 'நார்மல்' அளவு ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துப் போட்டது. எனவே எத்தனையோ கறுப்பினத்தவர்களுக்குத் தேவையில்லாமல் எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள், சிலருக்குப் புற்றுநோய் மருந்தின் அளவைக் குறைத்தார்கள். கோடிக்கணக்கான மனிதர்களின் இயல்பு, அச்சடித்த ஒரு கட்டத்துக்குள் அடங்கவில்லை என்பதால் கோளாறாகிவிட்டது.

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. இருதயத் தசையின் ஒரு புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்து காணாமல் போயிருப்பதை 2003ல் இரண்டு இந்தியக் குடும்பங்களில் பார்த்தார்கள். இரண்டே குடும்பம். பெருந்துறை தண்டபாணி என்ற மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளரும் மற்றவர்களும் அதைத் துரத்திக்கொண்டு போய் 2009ல் வெளியிட்டபோது, தெற்காசியர்களில் நூற்றுக்கு நாலு பேரிடம் அது இருப்பது தெரிந்தது. வயதான பிறகு இருதயம் பலவீனமடையும் அபாயத்தை அது கூட்டுகிறது. இவ்வளவு பேரிடம் இருந்தது இவ்வளவு காலம் தெரியாமல் போனதற்குக் காரணம், மரபணு ஆய்வெல்லாம் வேறு மக்களை வைத்து நடந்ததுதான்.

பார்க்கத் துணிந்தவர்கள் யார் என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எய்ட்ஸ் கதையை எல்லாரும் லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த நோயைப் பற்றி 1981 ஜூன் 5ல் வெளியான அறிக்கையில் ஆரம்பிப்பார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தில் அரிய மருந்துகளை எடுத்து அனுப்பும் வேலையில் இருந்த சாண்ட்ரா ஃபோர்டு, பென்டாமிடின் என்ற அதிகம் யாரும் கேட்காத மருந்தை ஏன் இத்தனை பேர் கேட்கிறார்கள், அதுவும் காரணமே தெரியாத நோயாளிகளுக்கு என்று மேலே எழுதிப் போட்டார். ஸ்டாக் ரெஜிஸ்டர் பார்க்கிறவர்! எங்கள் வர்க்கம்.

சென்னையில் 1985 கடைசியில், இந்தியாவில் இதெல்லாம் வராது, அது மேல்நாட்டு ஒழுக்கக்கேட்டுக்கு வந்த நோய் என்று பேசிக்கொண்டிருந்த நேரம். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் என்ற பேராசிரியர், மேற்படிப்பு மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் இதை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். பாலியல் தொழிலாளர்கள் என்று பிடித்து அடைத்து வைத்திருந்த அரசு இல்லத்துக்குப் போய் நிர்மலா 80க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சேகரித்தார். கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். மாதிரிகளைத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். பிறகு 1986 பிப்ரவரியில் ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோய் சிஎம்சி ஆய்வகத்தில் எலிசா என்ற பரிசோதனை போட்டபோது ஆறு மாதிரிகள் பாசிட்டிவ். அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதிசெய்த பிறகு சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒவ்வொரு பைக்கும் எச்ஐவி பரிசோதனை கட்டாயமாகிவிட்டிருந்தது. பையைக் கையில் எடுக்கும்போது எத்தனையோ தடவை அந்த ஃபிரிட்ஜை நினைத்திருக்கிறேன். சாப்பாட்டுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அந்த டியூப்கள். அப்பேர்ப்பட்ட ஒரு தொடக்கம்.

இதெல்லாம் சொன்னதால் அபூர்வம் என்றாலே அதில் உண்மை பொதிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்டவரின் எரிச்சலுக்கு நியாயம் இருக்கும் இடம் இதுதான். 1848ல் அமெரிக்காவின் வெர்மாண்டில் ரயில்பாதைக்குப் பாறை வெடிக்கும்போது மூன்றரை அடிக்கு மேல் நீளமுள்ள இரும்புக் கம்பி ஃபினியஸ் கேஜ் என்பவரின் கன்னத்தில் ஏறி மண்டை வழியாக வெளியே போனது, ஆள் பிழைத்துக்கொண்டார். மூளையின் முன்பகுதி போனால் மனிதன் குணம் கெட்டு நாசமாகிவிடுவான் என்பதற்கு உதாரணமாக நூற்றைம்பது வருடமாக அவரைக் காட்டுகிறார்கள். அதே கேஜ் பிறகு சிலி நாட்டுக்குப் போய்ப் பல வருடம் குதிரை வண்டி ஓட்டினார் என்பதைப் பாதிப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. பல குதிரைகளைப் பூட்டிப் பயணிகளை ஏற்றி மலைச்சாலையில் ஓட்டுவது, நாசமாய்ப்போனவர் செய்கிற வேலையா அது?

நமக்கு உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில் 919லும் 921லும் பொறித்த இரண்டு கல்வெட்டுகள், குடவோலை முறை. மேடையில் இதைச் சொல்லாத பேச்சாளர் இல்லை: ஆயிரம் வருடத்துக்கு முன்பே தமிழன் தேர்தல் நடத்தினான், நாடெங்கும் ஜனநாயகம். அது ஒரு பிரம்மதேய ஊர், பிராமணர் சபையின் விதி. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள், வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஊரில் உழுதவர்களும் நெய்தவர்களும் பெண்களும் இந்தக் கணக்கிலேயே வர மாட்டார்கள். இவ்வளவு விவரமான விதி வேறு ஊர்களில் கிடைப்பது அரிது என்பதால்தான் அது புகழ்பெற்றது. அதே காரணத்தால்தான் அதை எல்லா ஊருக்கும் பொருத்தக் கூடாது.

ஆனால் அந்தக் கல்வெட்டை வேறு விதமாகப் படித்தால் நிறையத் தருகிறது. யார் யார் நிற்கக் கூடாது என்ற பட்டியலைப் பாருங்கள். வாரியத்தில் (ஊர் வேலைகளைப் பார்க்கும் குழுவில்) இருந்து கணக்குக் காட்டாதவர், அவருடைய சிற்றப்பா பெரியப்பா வழி, அத்தை மக்கள், மாமன், மாமனார், மச்சினர், மருமகன் என்று உறவுமுறை முழுக்க ஒன்று விடாமல் அடைத்திருக்கிறார்கள். இந்த மாதிரிப் பட்டியலை யாரும் கற்பனையில் உட்கார்ந்து எழுதுவதில்லை. ஒருவர் பணத்தைச் சாப்பிட்டிருக்கிறார், அடுத்த முறை மச்சினரை நிறுத்தியிருக்கிறார், அதையும் மறித்தபோது மருமகன் வந்திருக்கிறார். 919ல் ஒரு விதி போட்டு இரண்டே வருடத்தில் திரும்ப உட்கார்ந்து இன்னும் இறுக்கமாகப் போட்டார்கள் என்றால், முதல் விதி வேலை செய்யவில்லை என்று அர்த்தம். எங்கள் ரத்த வங்கிச் சுவரில் "நோயாளியின் பெயரை ஒட்டாத டியூப் ஏற்கப்படாது" என்று ஒரு அட்டை தொங்கும். அது ஏன் தொங்குகிறது என்று எனக்குத் தெரியும். அதே கண்ணோடு பார்த்தால் உத்திரமேரூர்க் கல்வெட்டில் தேர்தலைவிட அதற்கு முந்தின பத்து இருபது வருடச் சண்டை நன்றாகத் தெரிகிறது.

அந்த அம்மாவுக்கு வருகிறேன். ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். பாம்பே குரூப்காரரின் சிவப்பணுவை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் (பாசிட்டிவ் நெகட்டிவ் மட்டும் பார்த்தால் போதும்), ஆனால் அவர் இன்னொரு பாம்பே குரூப்காரரிடமிருந்து மட்டும்தான் வாங்க முடியும். எங்கள் சீனியர் முதலில் கேட்டது கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று. மூன்று தம்பிகள். இந்தக் குறை அப்பா அம்மா இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும், ஆகவே கூடப்பிறந்தவருக்கு இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்பா தன் சொந்த அக்கா மகளைக் கட்டியவர் என்பதும் பேச்சில் வந்தது. மூன்று பேரின் மாதிரியையும் ஓ செல் வைத்துப் பார்த்தோம். திருப்பூரில் வேலை பார்த்த கடைசித் தம்பியுடையது திரிந்தது.

அவர் இரண்டு வாரம் முன்பு உள்ளூர் முகாமில் ஓ பாசிட்டிவ் என்று ரத்தம் கொடுத்திருந்தார், உடனே திரும்ப எடுக்க முடியாது. மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரையில் அக்காவின் ஹீமோகுளோபினை ஏற்றி, பிறகு தம்பியிடம் ஒரு பை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு ஆபரேஷன் நடந்தது. அந்தப் பை தேவைப்படவே இல்லை. தம்பியின் லைசென்ஸில் இன்னும் ஓ பாசிட்டிவ் என்றுதான் இருக்கிறது, மாற்றப் போனபோது கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரில் அப்படி ஒரு குரூப்பே இல்லை சார் என்று சொல்லிவிட்டாராம்.